ஆறரை நம்பர் கையுறை

இரண்டாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டரின் மூத்த நர்ஸ் நாலே முக்கால் அடி உயரம். மேஜையில் பெரிய டாக்டருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கக் காலுக்குக் கீழே ஒரு இரும்பு ஸ்டூல் வேண்டும். சேர்ந்த புதிதில் எல்லோரும் அவளை ‘ஸ்டூல் சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு என்பதால், ஒருநாள் லேபிலிருந்து அவள் பேருக்கு மூடி போட்ட டப்பா ஒன்று வந்து சேர்ந்தது. அன்றோடு ‘படி சிஸ்டர்’ ஆகிவிட்டாள். பத்தொன்பது வருஷமாகியும் அந்தப் பேர் மாறவில்லை. ஸ்டூலை மட்டும் இரண்டு முறை மாற்றினார்கள்.

அவள் கணவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். ஊரில் தீப்பிடிப்பது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் கிணற்றில் விழுந்த ஆடு, மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாத பூனை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட குடும்பம். ஆனாலும் புகை என்று வந்துவிட்டால் அவர்கள் துறையில் சட்டம் கறாரானது. முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மூடியும் இல்லாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. போட்டிருந்த உடுப்பை நிலையத்திலேயே துவைக்கப் போட வேண்டும், வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை.

படி சிஸ்டரோ காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை தினமும் புகையில் நின்றாள். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க ‘காட்டரி’ என்று பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. அதன் முனை தசையைத் தொட்டால் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், கூடவே ஒரு கொத்துப் புகை எழும்பும். பெரிய டாக்டர் ஆறடி. அவர் முகம் புகைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சிஸ்டரின் மூக்கு, ஸ்டூல் மேல் ஏறி நின்றும்கூட, சரியாகப் புகை போகிற வழியில் இருந்தது.

அதற்கும் ஒரு ஏற்பாடு இல்லாமலில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், தரச் சான்றிதழுக்காக ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று புகையை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். முதல் நாள் அதைப் போட்டதும் பெரிய டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது என்ன தியேட்டரா, மாவு மில்லா? இந்தச் சத்தத்துல நான் எப்படி யோசிக்கிறது?”

நிறுத்தினார்கள். யோசிப்பதற்கு வசதியாக அவர் பாட்டு கேட்பார், அதுவும் சத்தமாக. பாட்டுப் பெட்டியை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவருக்கு மெஷினின் தலை வாகாக அமைந்தது. பிளாஸ்டிக் உறையைத் திரும்பவும் மாட்டி அதன் மேல் பெட்டியை வைத்தார்கள். சான்றிதழ் கிடைத்து வாசலில் சட்டம் போட்டுத் தொங்கியது.

நாலைந்து வருஷமாகச் சிஸ்டருக்கு இருமல். மாஸ்குக்குள் வாயை இறுக்கி, தொண்டையிலேயே நெரித்து முழுங்கப் பழகியிருந்தாள். கையில் கருவியோடு இருமினால் பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு இருமலை முழுங்குவதே தேவலை.

இப்படியிருக்கும்போதுதான் ‘ஊழியர் நல மாதம்’ வந்தது. தாழ்வாரம் முழுக்கச் சிரித்த முகங்களின் படம் ஒட்டினார்கள். ‘மனம் திறந்து சொல்லுங்கள்’ என்று எழுதி ஒரு பெட்டியும் வைத்தார்கள். பேர் எழுதத் தேவையில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சிஸ்டர் எழுதிப் போட்டாள்: ‘தியேட்டரில் புகை. இருமல் வருகிறது. மெஷின் இருக்கிறது. போடுவதில்லை.’ ஒரு வாரம் பார்த்தாள். இன்னொன்று போட்டாள். மூன்றாவதும் போட்டாள்.

நிர்வாகத்தில் இருந்த அம்மாளை எல்லோரும் ‘மேடம்’ என்பார்கள். அந்த மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“உக்காருங்க சிஸ்டர். மூணு சீட்டும் நீங்க எழுதினதுதானே? தியேட்டர் போர்டுல உங்க எழுத்தைத் தினமும் பார்க்கிறோமே, உடனே கண்டுபிடிச்சிட்டோம்.”

“பேர் வேண்டாம்னு போட்டிருந்துச்சே மேடம்.”

“பேரை யாரு கேட்டா? எழுத்தைத்தான் பார்த்தோம். நீங்க மூச்சு சம்பந்தமா எழுதியிருக்கீங்க. அதனால உங்க தியேட்டருக்கே தனியா ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

“மூச்சு நல்லா விடத் தெரியும் மேடம். புகைதான்…”

“எல்லாம் சரியாப் போயிடும்.”

வேலையை விட்டு ஆட்களை அனுப்ப முடியாது என்பதால் வகுப்பும் தியேட்டரிலேயே நடந்தது. ஒரு கட்டியை எடுத்து முடித்து, நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போன கையோடு பயிற்சியாளர் உள்ளே வந்தார். பச்சை உடுப்பில் ஐந்து பேர் வட்டமாக நின்றார்கள். விளக்குக்குக் கீழே புகை இன்னும் மெல்லிய துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

“கண்ணை மூடிக்குங்க. ஆழமா உள்ளே இழுங்க. இன்னும் ஆழமா. அடிவயிறு வரைக்கும் போகட்டும்.”

சிஸ்டர் சொன்னபடி கேட்கிறவள். அடிவயிறு வரைக்கும் இழுத்தாள். அடுத்த நிமிஷம் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமினாள்.

பயிற்சியாளர் பரவசமாகிவிட்டார். “பார்த்தீங்களா? எத்தனை நாளா உள்ளே அடைச்சு வெச்சிருந்தீங்க! வரட்டும், வெளியே வரட்டும்!”

வந்தது. நிற்கத்தான் இல்லை. அதனால் ஊழியர்களைப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனுஷர். குழாயில் ஊதச் சொல்லி மெஷினில் கோடு விழுவதைப் பார்த்தார். இரண்டாவது முறை ஊதச் சொன்னார். முகம் கொஞ்சம் மாறியது.

“மூச்சுக்குழல் சுருங்கியிருக்கும்மா. சிகரெட் பிடிப்பீங்களா?”

“இல்ல சார்.”

“வீட்டுல யாராவது? உங்க வீட்டுக்காரர்?”

“அவரும் இல்ல. தியேட்டர்லதான் சார் புகை.”

“தியேட்டர் ரொம்பச் சுத்தமான இடமாச்சே. வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?”

“தீயணைப்புல.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். இவ்வளவு நேரம் தேடியது கையில் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. ‘கணவரின் தொழிலால் வீட்டில் புகைத் தொடர்பு’ என்று எழுதினார். உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்தார். “அவரை வீட்டுக்கு வந்ததும் மொதல்ல குளிச்சிட்டு உள்ளே வரச் சொல்லுங்க” என்று அக்கறையோடு சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் கணவர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“நானா? என்னாலயா?”

“நான் சொல்லலைங்க. அவரே எழுதிக்கிட்டார்.”

“நான் தீயைக் கண்ணால பார்த்து நாலு மாசம் ஆச்சு! போன வாரம் என்ன கேஸ் தெரியுமா? பூனை! பூனை எங்கேயாவது புகையுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தவர் அவள் தலைப்பக்கமாகவே நின்றார். பிறகு, தணிந்த குரலில் சொன்னார்.

“உன் முடியில வர்ற வாசனை எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுலயே தெரியும். மருந்து வாசனைன்னு நீ சொன்னே, நானும் சரின்னு விட்டுட்டேன். அது மருந்து இல்லம்மா. நெருப்புல மாட்டின ஆளைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு எங்க உடுப்புல அதே வாசனைதான் வரும். நாங்க ரெண்டு நாள் சாப்பிட மாட்டோம். நீ தினமும் வந்து அடுப்புல சோறு வெக்கிறே.”

இத்தனை வருஷத்தில் அந்த வாசனையைப் பற்றி அவளிடம் வேறு யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. எழுந்து போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வருடாந்திரத் தீப் பாதுகாப்புச் சோதனை. தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, வாளிக்குள் இருந்த காப்பிக் கோப்பைகளையெல்லாம் பொறுக்கி எடுத்திருந்தார்கள். நிலைய அதிகாரி பேனாவும் அட்டையுமாக முன்னால் வந்தார். பின்னால் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தது சிஸ்டரின் கணவர். தியேட்டருக்குள் நுழைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் போல நின்றார்கள். வேலையிடத்தில் அதுதான் மரியாதை என்று இருவருமே தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள்.

“கூரையில புகை காட்டி எங்கே இருக்கு?” என்றார் அதிகாரி.

அப்போதுதான் சிஸ்டர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டடம் முழுக்கப் புதிதாக அலாரம் மாட்டினார்கள். புகை பட்டால் ஊளையிடுகிற வட்டமான வெள்ளைக் கருவி இந்தத் தியேட்டர் கூரைக்கும் வந்தது. மாட்டிய மறுநாளே, காட்டரி வேலை நடக்கும்போது ஊளையிட்டது. “அதோட வாயை யாராவது மூடுங்க!” என்று பெரிய டாக்டர் கத்தினார். மூடியது யார் என்றால், படி சிஸ்டர். ஓரத்தில் கிடந்த ஒரு மேஜையை நகர்த்தி, அதன் மேல் ஸ்டூலைப் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி நுனிக்காலில் நின்று, கையிலிருந்த கையுறையைக் கழற்றி அதற்குத் தொப்பி மாதிரி மாட்டிவிட்டு இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பின் அதை அவள் மறந்தே போனாள். போன சோதனைகளெல்லாம் வாளியை எண்ணுவதோடு முடிந்திருந்தன. தியேட்டரில் யாரும் கூரையைப் பார்ப்பதில்லை. மேஜையில் படுத்திருப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள், அவர்களும் சீக்கிரமே தூங்கிவிடுவார்கள்.

கணவர் ஏணியில் ஏறினார். நின்றார். மேலே இருந்தே கூப்பிட்டார்.

“சார், இதுக்கு வாயைக் கட்டி வெச்சிருக்கு.”

பழுத்து மஞ்சளாகிப்போன கையுறை, பசு மடி மாதிரி ஐந்து விரலையும் தொங்கவிட்டுக்கொண்டு கீழே வந்தது. அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரோட வேலை?”

பெரிய டாக்டர் தன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். “என் சைஸ் எட்டு.”

மயக்க மருந்து டாக்டர், “எனக்கு ஏழரை” என்றார்.

அதிகாரி கையுறையின் விளிம்பைத் திருப்பிப் படித்தார். “ஆறரை.”

அந்த அறையில் ஆறரை நம்பர் கை ஒன்றுதான் இருந்தது. எல்லாத் தலையும் ஸ்டூல் பக்கம் திரும்பியது. ஏணி மேலிருந்த தலையும் கடைசியாகத் திரும்பியது. அதிகாரி குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சட்டையைக் கழற்றாமலே கேட்டார். “ஏம்மா, நீயா?”

“நான்தான்.”

“உன் பேச்சைக் கேட்க யாருமில்ல. உனக்காகக் கத்தினது அது ஒண்ணுதான். அதோட வாயையும் நீயே கட்டிட்டியே.”

அவளுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்பதால் முடியவில்லை.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. உயிர்காக்கும் கருவியைச் செயலிழக்கச் செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘டாக்டர் சொன்னார், மாட்டினேன்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக இன்னொரு மெமோ வந்தது. இது மேடம் உட்கார்ந்து யோசித்து, கனமான வார்த்தைகளாகப் பொறுக்கிப்போட்டு எழுதியது: ‘இனி எக்காரணம் கொண்டும், எவர் கூறினும், அக்கருவியைத் தாங்கள் மூடலாகாது. மீறினால் முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள்.’ சிஸ்டர் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் மெமோ. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக.

அதிகாரி சோதித்துப் பார்க்கக் கழற்றிப் போன கருவியை ஞாயிற்றுக்கிழமைதான் கூரையில் திரும்ப மாட்டினார்கள். திங்கட்கிழமை காலை, கழுத்தில் கட்டி உள்ள ஒரு அம்மாளுக்கு ஆபரேஷன். ஆரம்பித்துப் பத்து நிமிஷம். பெரிய டாக்டர் காட்டரியை எடுத்தார். ‘ஸ்ஸ்’ என்றது. புகை எழும்பியது. சிஸ்டரின் மூக்கைத் தாண்டி, விளக்கைத் தாண்டி, மூன்று வருஷமாகப் போக முடியாதிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டடம் முழுக்க ஊளை கிளம்பியது. கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். வார்டில் இருந்தவர்கள் சொட்டு மருந்துக் கம்பியோடு படியில் இறங்கினார்கள். காவலாளி தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். உள்ளே கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டதும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். ஐந்து நிமிஷத்தில் அடக்கினார்கள். பெரிய டாக்டர் மறுபடி காட்டரியை எடுத்தார். மறுபடி ஊளை. படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பவும் இறங்கினார்கள்.

மூன்றாம் தடவை பெரிய டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. “சிஸ்டர்! அதுக்கு ஒரு கையுறையை மாட்டுங்க!”

“முடியாது டாக்டர்.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் எட்டிக் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

“என்ன சொன்னீங்க?”

“முடியாதுன்னு சொன்னேன் டாக்டர். எவர் கூறினும்னு மெமோல இருக்கு. என் வேலை போயிடும்.” பாட்டுப் பெட்டிப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள். “அந்த மெஷினைப் போட்டா அது கத்தாது.”

அவர் அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மேஜையில் தூங்குகிற அம்மாளைப் பார்த்தார். அவர் முரடரே தவிர, மேஜையில் ஆள் கிடக்கும்போது வீம்பு பிடிக்கிறவர் அல்ல.

“போட்டுத் தொலைங்க.”

பாட்டுப் பெட்டி தரைக்கு இறங்கியது. ஆறு வருஷத்துப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்கள். மெஷினின் சத்தம் சின்ன மின்விசிறி ஓடுகிற அளவுக்குத்தான் இருந்தது. குழாயின் வாயைக் காயத்தின் ஓரத்தில் பிடித்தாள். காட்டரி ‘ஸ்ஸ்’ என்றது. புகை எழும்பவே இல்லை, அப்படியே பக்கவாட்டில் வளைந்து குழாய்க்குள் போய்விட்டது. சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த கருவியை நீட்ட ஒரு நொடி தாமதமாயிற்று. பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த ஒரே தாமதம் அதுதான்.

அதன்பின் மெஷின் தினமும் ஓடியது. மாசக் கடைசியில் நடந்த கூட்டத்தில் ‘புகையில்லாத் தியேட்டர்’ என்று பெரிய டாக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஊழியர் நல மாதத்தின் வெற்றி என்று மேடம் மேடையில் பேசினாள். சிஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவளுடைய மெமோக்கள் இரண்டும் கோப்பில் பத்திரமாக இருந்தன. இருமல் குறைந்தது. ஊழியர் டாக்டர் மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்து, ‘கணவரின் ஒத்துழைப்பால் முன்னேற்றம்’ என்று எழுதினார். அதைப் படித்த கணவர் ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டருக்குப் பல வருஷமாக இருந்த மாலைத் தலைவலி போய்விட்டதாம். மத்தியானக் காப்பியை விட்டதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி, தியேட்டரில் இரண்டு பேரைக் காப்பியை விட வைத்துவிட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மெஷினின் வடிகட்டி தீர்ந்துபோனது. புதியது கிடங்கிலிருந்து வர வேண்டும். நோயாளி வெளியே காத்திருந்தார். “இன்னிக்கு ஒருநாள் மட்டும் மெஷின் இல்லாம…” என்று மேடம் வந்து கெஞ்சினாள்.

பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றுவிட்டார். “என் ஆளுங்க என்ன, புகையைக் குடிக்கணுமா? அவங்க நுரையீரலுக்கு யாரு பதில் சொல்றது? வடிகட்டி வராம நான் கத்தியைத் தொட மாட்டேன்.”

நடிப்பில்லை. நிஜமான கோபம், கண் சிவந்திருந்தது. சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பதா, அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று அவளுக்குப் புரியவில்லை. மேடம் போனதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத்தான் சிஸ்டர் ரொம்பப் பட்டிருக்கும், புகை. இத்தனை வருஷமா நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?”

“சொன்னேன் டாக்டர்.”

“எப்போ?”

“மெஷின் வந்த அன்னிக்குச் சொன்னேன். அப்புறம் ஒரு தடவை லீவு கேட்க வந்தப்போ சொன்னேன். போன வருஷமும் சொன்னேன்.”

அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையிலேயே யோசித்தார். ஞாபகம் வரவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. சங்கடமாகப் போய்விட்டது அவருக்கு.

“இனிமே சத்தமாச் சொல்லுங்க” என்றார்.

“சரிங்க டாக்டர்” என்று சத்தமாகச் சொன்னாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிகட்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் ஓய்வறையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆவி பறக்க ஒரு டீ குடித்தாள். வேலை நேரத்தில் டீயைச் சூடாகக் குடிக்கிற கொடுப்பினை அவளுக்கு வாய்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாதி டம்ளர் பாக்கியிருந்தது. “வர்றேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, அதையும் நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.